கேட்கப் பயப்படும் வார்டு



மருத்துவமனையில் வன்முறை என்று பேச்செடுத்தால் நமக்கெல்லாம் உடனே தோன்றுவது ஒரே காட்சிதான். நோயாளி இறந்துவிடுகிறார், உறவினர்கள் கண்ணாடியை உடைக்கிறார்கள், டியூட்டி டாக்டரையும் சிஸ்டரையும் அடிக்கப் பாய்கிறார்கள். இதற்கு நம்மிடம் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020-ல், மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காகத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இவையெல்லாம் தேவைதான். நான் இன்று பேச வந்திருப்பது, இந்தச் சட்டங்களின் பார்வை படாத இன்னொன்றைப் பற்றி. ஒரே வார்டில், ஒரே சீருடையில் வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் கொடுமையைப் பற்றி.

அது எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கும் செவிலியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டியூட்டி லிஸ்டில் ஒரே பெண்ணுக்குத் தொடர்ந்து நைட் விழும். அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போக அவள் ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிய டே ஆஃப், முதல் நாள் மாலையில் அடிக்கப்பட்டிருக்கும். ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும்போது ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அதையே கேட்கும்போது இவள் முழிப்பாள். மருந்து ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடும்போது முதல் தடவை நரம்பு கிடைக்கவில்லை என்றால், நோயாளியையும் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டே, "எந்தக் காலேஜ்ல படிச்சிட்டு வந்தே?" என்று கேள்வி வரும். அவள் ஊரை, நிறத்தை, பேச்சைக் கிண்டல் செய்வார்கள். சில இடங்களில் சாதியையும் விசாரிப்பார்கள். லினன் ரூமில் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்ன விஷயம்தான். யாரிடமாவது போய்ச் சொன்னால், "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்பார்கள். சுவீடனில் இந்தத் துறையை முதலில் முறையாக ஆராய்ந்த ஹெய்ன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் இதைச் சரியாகப் பிடித்தார். தனிச் சம்பவத்தைப் பார்க்காதீர்கள், அது எத்தனை முறை, எவ்வளவு காலம் நடக்கிறது என்று பாருங்கள் என்றார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாத காலத்துக்காவது ஒருவரைக் குறிவைத்து நடந்தால் அது பணியிடத் துன்புறுத்தல் என்பது அவர் வகுத்த அளவுகோல். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் உருவாகி இன்று உலகமெங்கும் பயன்படும் கேள்விப்பட்டியல் ஒன்றும் உண்டு. 22 கேள்விகள். முதல் கேள்வி என்ன தெரியுமா? உங்கள் வேலைக்குத் தேவையான தகவலை யாராவது உங்களிடமிருந்து மறைக்கிறார்களா என்பது. ஓவர் கொடுக்கும்போது விட்டுப்போன அந்த ஒரு வரிதான் அது. திட்டும் கத்தலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கண்டிப்பு எல்லாமே கொடுமை என்று நான் சொல்லவில்லை. வார்டில் கண்டிப்பு வேண்டும். கை கழுவாமல் டிரெசிங் ட்ரேயைத் தொடப்போகும் மாணவியை அந்த நொடியிலேயே தடுத்து நிறுத்தத்தான் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவர் குரல் வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். திட்டுவார். திட்டி முடித்த கையோடு நம் கையைப் பிடித்து, ஊசியை எந்தச் சாய்வில் நுழைக்க வேண்டும் என்று செய்து காட்டுவார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் மறுநாளும் சந்தேகம் என்றால் அவரிடமேதான் போய் நிற்பார்கள். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான். திட்டு வாங்கியவள் மறுபடியும் அதே ஆளிடம் போய்க் கேட்க முடிகிறதா? முடிந்தால் அது பயிற்சி. முடியவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

ஏன் இந்த ஒன்றையே பிடித்துக்கொள்கிறேன் என்றால், செவிலியர் வேலையே கேட்டுச் செய்யும் வேலை. ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மணி இரண்டு. நாற்பது நோயாளிகளுக்கு ஒரு சிஸ்டர். கேஸ் ஷீட்டில் டாக்டர் இன்சுலின் எழுதியிருக்கிறார். எண்ணில் பத்து, பக்கத்தில் யூனிட் என்பதற்கு ஆங்கில எழுத்து 'யு'. அவசரமாக எழுதியதில் அந்த எழுத்தின் மேல்வாய் மூடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் இன்னொரு பூஜ்யம் போல இருக்கிறது. பத்து நூறாகிவிட்டது. இது உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்து. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் அந்தச் சுருக்கெழுத்தையே விலக்கிவைத்து, யூனிட் என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று விதித்திருக்கிறது. பத்து யூனிட் கொடுக்க வேண்டிய இடத்தில் நூறு கொடுத்தால், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி நோயாளி தூக்கத்திலேயே நினைவிழப்பார், உயிரும் போகலாம்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வருகிறது. வர வேண்டும், அதற்குத்தான் படிக்கவைத்திருக்கிறோம். போனை எடுத்து, "சார், பத்து யூனிட்தானே?" என்று கேட்டால் போதும். ஆனால் போன வாரம் இதே மாதிரி ஒரு சந்தேகம் கேட்டதற்கு, "படிக்கக்கூடத் தெரியாதா, யார் உன்னை வேலைக்கு எடுத்தது?" என்று போனை வைத்துவிட்டார்கள். காலையில் அது இன்சார்ஜ் சிஸ்டரின் காதுக்குப் போனது. அவர் எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்து, "உன்னால எனக்குக் கெட்ட பேரு" என்றார். இப்போது அவள் போனைப் பார்க்கிறாள், கேஸ் ஷீட்டைப் பார்க்கிறாள். பெரும்பாலான இரவுகளில் விபரீதம் எதுவும் நடப்பதில்லை. பக்கத்து வார்டு சிஸ்டரிடம் ஓடிப்போய்க் காட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, சரியான அளவைக் கொடுத்துவிடுவாள். நோயாளி காலையில் எழுந்து காபி கேட்பார். அந்த நேரத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. ஆனால் அவள் உடம்பில் ஏறும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. 2015-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் டாக்டர்களும் செவிலியர்களும் சேர்ந்த 24 குழுக்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றுக்குக் குடலழுகல் நோய் வந்து நிலைமை திடீரென மோசமாவது போல ஒரு பயிற்சி. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் உங்களைக் கவனிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். சில குழுக்களிடம் அந்த நிபுணர் சாதாரணமாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம், இந்த நாட்டு மருத்துவத் தரம் தன்னைக் கவரவில்லை என்றும், இப்படிப்பட்டவர்கள் தன் துறையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை, கத்தல் இல்லை. அவர்கள் செய்த வேலையைப் பற்றிய விமர்சனமும் இல்லை.

யார் எந்தக் குழு என்று தெரியாத நடுவர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அவமதிக்கப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கியிருந்தன. ஏன் பின்தங்கின என்பதுதான் என்னை உலுக்கியது. அவர்களுக்கு அறிவு குறைந்துபோகவில்லை. தெரிந்த தகவலை ஒருவருக்கொருவர் சொல்வது குறைந்துபோனது. உதவி கேட்பது குறைந்துபோனது. முன்பின் தெரியாத ஒருவர், ஒரே ஒரு நாள் சொன்ன ஓரிரு வார்த்தைக்கு இந்த விளைவு. இதையே தினமும், கூட வேலை செய்பவர்களிடமிருந்து, மாதக்கணக்கில் கேட்பவள் என்ன ஆவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன பெண்கள் வந்து சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் தூக்கம் கெடும். டியூட்டிக்கு முந்தின இரவே வயிற்றைப் பிசையும். வீட்டில் இருக்கும்போதும் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்னும். பிறகு தன் கையையே நம்பாமல் போவாள். மருந்தை எடுத்துவைத்துவிட்டு நான்கு தடவை லேபிளைப் பார்ப்பாள், அப்படியும் போட்டது சரிதானா என்று ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு யோசிப்பாள். அதன் பிறகு வருவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அழுகை நின்றுவிடும். எதுவும் உறைக்காது. ஆறாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று நோயாளிகள் படுக்கை எண்களாகிவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை 1980-களின் தொடக்கத்திலேயே மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மனம் வற்றிப்போவது, மனிதர்களை மனிதர்களாகப் பார்க்க முடியாமல் போவது, என்னால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று தோன்றுவது. "அந்த சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசறதில்ல" என்று நோயாளியின் வீட்டார் குறைசொல்லும்போது, பல நேரங்களில் அவர்கள் பார்ப்பது இந்த இரண்டாவது நிலையில் இருக்கும் ஒரு பெண்ணை. அவள் கல்நெஞ்சக்காரியாகப் பிறக்கவில்லை.

இதன் கடைசி எல்லையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2011-ல் மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த கேரளத்து இளம் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். சான்றிதழை வாங்கிவைத்துக்கொள்வதும், பாண்டு எழுதி வாங்குவதும், வேலையை விட்டுப் போகக் கேட்டால் பணம் கட்டச் சொல்வதும் அப்போதுதான் ஊரறியப் பேசப்பட்டன. மும்பையிலும் டெல்லியிலும் கேரளத்திலும் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டுதான் கேரளத்தில் ஐக்கிய செவிலியர் சங்கம் பிறந்தது.

சரி, தானும் இதே வேதனையைப் பட்டு வந்த மூத்தவர் ஏன் இளையவளை வதைக்கிறார்? 1986-ல் ஜூடித் மைஸ்னர் என்ற அமெரிக்கச் செவிலியர், நம் குட்டிகளை நாமே தின்கிறோமா என்று ஒரு கட்டுரையில் கேட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சூசன் ஜோ ராபர்ட்ஸ் ஒரு விடை சொல்லியிருந்தார். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, மேலே இருப்பவரை எதிர்க்க முடியாதவர்கள் தங்கள் கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர் மீது இறக்குகிறார்கள் என்றார். டாக்டர் நர்சிங் சூப்பிரண்டைத் திட்டுகிறார், சூப்பிரண்டு இன்சார்ஜை, இன்சார்ஜ் ஸ்டாஃப் நர்ஸை, ஸ்டாஃப் நர்ஸ் மாணவியை, மாணவி ஆயாம்மாவை. நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு பாரமும் உண்டு. அடுத்தவர் உடம்பையும் கழிவையும் தொடும் வேலை என்று சாதி மனம் நம் தொழிலை நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய காலத்தில், பெண்ணை இதற்கு அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. தொழிலையே தாழ்வாகப் பார்த்த ஒரு சமூகத்தில், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தமக்குள் யாரையாவது தாழ்த்தி நிமிர்ந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

இந்த விளக்கம் பாதி உண்மை என்பது என் எண்ணம். இதை மட்டும் சொன்னால் எல்லாம் பெண்களின் மனக்குறையாகிவிடும். "பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்தா இப்படித்தான்" என்று நிர்வாகம் கைகழுவிவிடும். மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நாற்பது பேரைத் தனியாகப் பார்க்கும் இரவில் யாருக்கும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருக்காது. சம்பளத்தைப் பாருங்கள். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அதைக் கையில் வாங்குகிறவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அரசு மருத்துவமனையில் மட்டும் என்ன? 2015-ல் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. நிரந்தரச் செவிலியரும் தொகுப்பூதியச் செவிலியரும் ஒரே வார்டில், ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஒருவருக்கு நாளை வேலை இருக்கும் என்று தெரியும். மற்றவருக்குத் தெரியாது. எதிர்த்துக் கேட்க முடியாத ஒருவரை நிர்வாகமே உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. வதைப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

கேட்பவரை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை சாட்சி. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே நோயாளிகள் பட்ட அவலத்தை விசாரித்து, ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013-ல் அறிக்கை கொடுத்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஹெலின் டோனலி என்ற செவிலியர், நோயாளியை நான்கு மணி நேரத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்ற இலக்கைக் காப்பாற்றக் காத்திருப்பு நேரத்தைப் பொய்யாக எழுதச் சொல்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் புகார் எழுதிக் கொடுத்தார். பதிலுக்குச் சக ஊழியர்களிடமிருந்தே மிரட்டல் வந்தது. இருட்டில் கார் நிறுத்தும் இடம் வரை தனியாக நடக்கப் பயந்து, வீட்டாரை வரவழைத்துத் துணையோடு போனதாக அவர் விசாரணையில் சொன்னார். பின்னால் அரசு அவரைக் கௌரவித்தது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்தபோதே யாராவது காதுகொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடியவர்களை அந்தக் கௌரவம் திருப்பித் தரவில்லை.

நம் சட்டத்தில் இதற்கு இடம் எங்கே? பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ல் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். பாலியல் அல்லாத துன்புறுத்தலுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. சுவீடன் 1993-லேயே விதி வகுத்துவிட்டது; தடுக்க வேண்டிய பொறுப்பை அது வேலை கொடுப்பவர் தலையில் வைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகத் தனி உடன்படிக்கையையே நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை, நம் சங்கங்கள் இதைச் சம்பளக் கோரிக்கைக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டும்.

இளையவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். அதில் பயன் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்த்தா கிரிஃபின், புதிதாக வேலைக்கு வந்த 26 செவிலியர்களுக்கு, யாராவது சீண்டினால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே வாக்கியங்களைப் பழக்கி, அதைச் சிறு அட்டையாகவும் கொடுத்தார். 2004-ல் அதன் முடிவை வெளியிட்டார். தங்களுக்கு நடப்பதன் பெயர் தெரிந்ததாலும், சொல்ல வார்த்தை கையில் இருந்ததாலும் அவர்களால் நேருக்கு நேர் பேச முடிந்தது. நம் கல்லூரிகளில் இதைக் கட்டாயம் பழக்கலாம். "சிஸ்டர், இதை நோயாளி முன்னால வேண்டாம், ரூமுக்கு வந்து கேட்டுக்கறேன், சொல்லிக்கொடுங்க" என்று சொல்லவே நம் பெண்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆனால் அடி வாங்குபவளிடம் மட்டும் கேடயத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

இங்கே வந்திருக்கும் கண்காணிப்பாளர்களிடமும் நிர்வாகிகளிடமும் கேட்கிறேன். டியூட்டி லிஸ்டை எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு எத்தனை நைட், எத்தனை டே ஆஃப் அடிக்கப்பட்டது என்பது மாதக் கடைசியில் அதே சுவரில் தெரியட்டும். புகார் எந்த இன்சார்ஜைப் பற்றியதோ அதே இன்சார்ஜ் வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். ஒரே வார்டிலிருந்து பெண்கள் அடிக்கடி மாறுதல் கேட்டால், கேட்பவளை விட்டுவிட்டு அந்த வார்டைப் போய்ப் பாருங்கள். மருந்து அளவில் சந்தேகம் கேட்ட செவிலியரை எந்த டாக்டராவது திட்டினால், அதை மருந்துப் பிழைக்குச் சமமாக ரெஜிஸ்டரில் எழுதுங்கள். இதற்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை.

பொதுமக்களுக்கும் ஒன்று. உங்கள் அப்பாவின் கட்டிலருகே ஒரு செவிலியரை யாராவது கேவலமாகப் பேசினால், தயவுசெய்து வேடிக்கை பார்க்காதீர்கள். "மேடம், அந்தப் பொண்ணு எங்களை நல்லாத்தான் பாத்துக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளுக்காக மட்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் அப்பாவுக்கு ஊசி போடப்போவது அவள்தான்.

கடைசியாக, இப்போது இந்த நிலையில் இருக்கும் தங்கைக்கு. நடந்ததை அன்றன்றைக்கே எழுதிவையம்மா. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட யார் இருந்தார்கள் என்பது. அதை மருத்துவமனைக் கணினியில் வைக்காதே, உன் சொந்த நோட்டில் வை. புகார் கொடுக்கத் தனியாகப் போகாதே, இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போ. கொடுத்ததற்கு நகல் வாங்கிக்கொள். தூக்கம் கெட்டுச் சில வாரமாகிறது என்றாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்துபோனது என்றாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸைக் கூப்பிடு, 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். நைட் டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகும் கூப்பிடலாம்.